குற்றாலத்தில் ஓர் எரிமலைப் பேச்சு

காலை ஆறரைக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். எங்கள் திருவாரூர்ப் பக்கத்தில் மலை என்றால் வைக்கோல் போர்தான். அதனால் மேற்கே பார்த்தவன் சாரலில் அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணாச்சி, மேகம் பாதி மலைக்கு இறங்கிட்டு. அருவில தண்ணி நல்லா விழும், ஏறுங்க" என்றார் ஆட்டோ ஓட்டும் அம்மா, முப்பிடாதி. குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், இருநூறு ரூபாய். பின்சீட்டில் துண்டும் சீயக்காயுமாக அவர் மகள் பேச்சி. நர்ஸிங் முடித்தவள். முகத்தில் சிரிப்பில்லை.

மேலகரம் தாண்டுவதற்குள் காரணம் தெரிந்துவிட்டது. ஜப்பானில் ககோஷிமா என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு எதிரிலேயே எரிமலை. இன்று மதியத்துக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். அம்மா விடவில்லை.

"வீடியோல பாத்தேன் அண்ணாச்சி, சாம்பலா கொட்டுது. பெத்த பிள்ளைய அடுப்புக்குள்ள அனுப்புவாளா ஒருத்தி?"

"நீ ஆட்டோ ஓட்டுதத விடவா அது ஆபத்து?" என்றாள் பேச்சி.

"ஏட்டி, வாய மூடு."

பழைய புத்தகக் கடைகளில் நின்றபடியே கற்றதை எடுத்துவிட்டேன். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து, நகம் வளரும் வேகத்தில் நகர்கிறது. இரண்டு நிலம் முட்டிக்கொண்டால் மடிந்து எழும்பும், இமயமலை அப்படி. கடலடித் தரை இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைந்தால், அது கொண்டுபோகும் நீர் ஆழத்தில் கசிந்து பாறையை உருக வைக்கும். உருகியது மேலே வழி தேடும். ஜப்பானின் எரிமலைகள் அப்படி.

"அப்ப அது நிக்கவே நிக்காதா?" என்றார் முப்பிடாதி.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நம்ம காலத்துல நிக்காதும்மா." பேச்சி என்னை முறைத்தாள்.

பேரருவியில் குளித்துக்கொண்டிருக்கையில் தண்ணீர் செம்மண் நிறமானது. வெள்ள எச்சரிக்கை சைரன் ஊதியது. ஒருவரும் அலறவில்லை. எண்ணெய்த் தலையோடும் பாதி சோப்போடும் எல்லோரும் ஒதுங்கினார்கள். பெண்கள் பக்கமிருந்து முப்பிடாதி மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் தெளிந்தது. போலீஸ்காரர் விசில் அடித்ததும் முதல் ஆளாய்த் திரும்ப ஓடியவரும் அவரேதான்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது பேச்சி மெதுவாகச் சொன்னாள்: "யம்மா, சைரன் ஊதுச்சுன்னு அருவியே வேண்டாம்னா போயிட்டோம்? ஒதுங்கி நின்னோம்லா. அங்கனயும் அப்படித்தான் இருக்காவ."

முப்பிடாதி என்னிடம் திரும்பினார். "இந்த மலையும் ஒருநாள் கக்குமா அண்ணாச்சி?"

"கக்காதும்மா. இதுக்கு அடியில எந்தத் தட்டும் நுழையல. இது முட்டி எழும்பின மலையும் இல்ல. ஒரு காலத்துல மடகாஸ்கர்னு ஒரு நாடு நம்மோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். அது கிழிஞ்சு விலகிப் போச்சு. கிழிஞ்ச ஓரம் இங்க நிமிந்து நின்னுட்டுதுன்னு படிச்சிருக்கேன்."

"போன நாடு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அங்கயும் நெல்லு விளையுது. சோறுதான் திங்கிறாங்க."

அவர் மலையையே பார்த்தார். டீ ஆறிப்போனது. பிறகு மகளின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டத் தொடங்கினார்.

"போனப் போட்டு வாரேன்னு சொல்லுட்டி. நல்லெண்ணெய் அங்கன கிடைக்குமான்னும் ஒரு வார்த்தை கேளு."