ஈயத்தாளில் சுற்றிய பற்கள்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதும் இப்போது கலங்கிப்போகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். எழுதுவது அதைவிடக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பல் டாக்டர் கடைக்குப் பரிசோதனை வந்ததை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கம். மலைச்சரிவில் வழுக்கி விழுந்து என் இடது தோள் போனதிலிருந்து கொழுந்துக் கூடை சுமக்க முடியாமல் போயிற்று. அப்போது ஹட்டன் டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் பல் பிடுங்கும் கடை வைத்திருந்தார். டிஸ்பென்சரி என்று போர்டில் எழுதியிருந்தாலும் நாங்கள் கடை என்றுதான் சொல்வோம். அவர் கொழும்பில் முறையாகப் படித்தவர். சர்டிபிகேட் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. எல்லாம் இருந்தும் தோட்டத்துப் பெண்கள் அவரிடம் போகவில்லை. வேற்று ஆம்பிளை முன்னால் வாயைத் திறந்து காட்டுவது எங்களுக்குப் பெரிய வெட்கம். சிரித்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்கிற காலம் அது. கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். அதனால் அவர் ஒரு பெண்ணை வேலைக்குத் தேடினார். என்னைச் சேர்த்துக்கொண்டார்.

என் வேலை, குறடுகளையும் ஊசியையும் கொதிநீரில் போட்டு எடுப்பது, துப்புகிற பீங்கானைக் கழுவுவது, பெண்கள் வந்தால் நாற்காலிக்குப் பின்னால் நின்று நெற்றியைப் பிடித்துக்கொள்வது. என் கை நெற்றியில் இருந்தால் வாயைத் திறப்பார்கள். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்வார்கள்.

இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிடுங்கிய பல்லை யாரும் எறிய மாட்டார்கள். சின்னச் சிமிழில் போட்டு வைத்திருந்து, அந்த ஆள் செத்தால் குழியில் கூடவே வைப்பார்கள். வந்த உடம்பு முழுசாகப் போக வேண்டும் என்பது கணக்கு. ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், உடம்பிலிருந்து கழிந்த எதையும், நகமோ முடியோ பல்லோ, லயத்துக்குள் கொண்டுவரக் கூடாது. டவுனுக்குப் போக லீவு கிடைப்பதும் அந்தத் திருவிழா நாட்களில்தான். அதனால் வருசம் முழுக்கப் பொறுத்த வலியெல்லாம் அப்போதுதான் கடைக்கு வரும். பிடுங்கிய பல்லை என்ன செய்வது? என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற ஈயத்தாளில் ஒவ்வொன்றையும் சுற்றுவேன். அவரவர் சேலையிலிருந்து ஒரு நூலை உருவி அதில் கட்டிவிடுவார்கள். மஞ்சள் நீராட்டோடு திருவிழா முடிந்ததும் வந்து அந்த நூலைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். டாக்டருக்கு இது தெரியும். “என்ன பிள்ளை, உன்ர பேங்கில எவ்வளவு சேர்ந்திருக்கு?” என்று கேட்டுச் சிரிப்பார்.

பரிசோதகர் வந்தது அப்படி ஒரு திருவிழாச் சமயத்தில். நாங்கள் இந்த நாட்டு ஆட்களே இல்லை என்று சட்டம் போட்டுவிட, பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு எல்லாரும் காத்துக்கிடந்த காலம். சுகாதார இலாகாவிலிருந்து வந்திருந்தார், சிங்களவர், வெள்ளைக் கால்சட்டை, மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டிய ஆள். சர்டிபிகேட்டைப் பார்த்தார். தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்தார். காலால் மிதித்து ஓட்டுகிற துளை போடும் மிஷினை மிதித்துப் பார்த்தார். சாக்கடையில் குச்சியை விட்டுப் பார்த்தார். ஒன்றிலும் குறை இல்லை. டாக்டர் அவருக்கு டீ வரவழைத்தார்.

அந்த நேரம் பார்த்து, கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு பெஞ்சில் இருந்த என் அத்தாச்சி, அதாவது என் அண்ணன் மனைவி, எழுந்து வந்தாள். வாயில் பஞ்சு. கையில் நூல் கட்டிய பொட்டலம்.

“இந்தா, பத்திரமா வையி,” என்று என்னிடம் நீட்டினாள்.

பரிசோதகர் கிளாஸைக் கீழே வைத்தார். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். பிறகு அலமாரியைத் திறக்கச் சொன்னார். டின்னைத் திறந்தார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை.

சிங்களத்தில் கேட்டார். லயத்துச் சிங்களம் எனக்குத் தெரியும், எல்லாம் விளங்கியது. தோட்டத்து ஆட்களின் பற்களைச் சேர்த்துப் பொய்ப்பல் செட்டில் வைத்து விற்பதாக இந்தக் கடைமேல் புகார்ப் பெட்டிசம் போயிருக்கிறதாம். அது பொய் என்று நினைத்துத்தான் வந்தாராம். இப்போது டின்னோடு பிடித்துவிட்டாராம்.

டாக்டர் எழுந்து நின்றார். தனக்கு இதுபற்றி ஒன்றும் தெரியாது, இந்தப் பிள்ளைதான் எதையோ சேர்த்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

பரிசோதகர் தீர்ப்பை அங்கேயே சொன்னார். டின்னில் இருப்பதைத் தன் கண் முன்னால் அடுப்பில் போட்டு எரிக்க வேண்டும், இந்தப் பொம்பிளையை இன்றைக்கே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கடையை மூட எழுதிவிடுவேன் என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, எரிச்சுப்போடு. என்ர பிழைப்பில மண்ணைப் போடாதை.”

நான் டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தது பல் பிடுங்குகிற நாற்காலிதான். அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் அதன் பின்னால்தான் நின்றிருக்கிறேன்.

“எரிக்க மாட்டேங்க,” என்றேன். “இது ஐயாவோடதும் இல்ல, மாத்தயாவோடதும் இல்ல. சொந்தக்காரங்க இருக்காங்க. அவங்களக் கேட்டுட்டு எரிங்க.”

பரிசோதகர் என் பெயரையும் தோட்டத்தையும் கேட்டார். பிறகு, “பிரஜாவுரிமை இருக்கா?” என்றார். அதைத் தமிழிலேயே கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அத்தாச்சி பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “சொத்தப் பல்லுக்கும் பிரஜாவுரிமை கேக்குறீங்களா மாத்தயா? இருக்கிற எடம் நம்மளுது இல்லன்னு சொல்லிட்டீங்க. வாயில இருந்ததையுமா?”

“நீ சும்மா இரு அத்தாச்சி,” என்றேன்.

“நீதான் இவ்வளவு நாளா சும்மா இருந்த. இன்னைக்கித்தான் பேசுற, பேசு.”

பேசினேன். மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள் சொந்தக்காரர்கள் வருவார்கள், மாத்தயாவும் வாங்க, அவங்க எடுக்காததை அடுப்பில் போடுங்க என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, டின்னை என் மடியிலிருந்து பிடுங்கவில்லை. அரக்கு உருக்கி மூடியில் முத்திரை வைத்து, அலமாரியில் பூட்டச் சொன்னார். அதுவரை கடையைத் திறக்கக் கூடாது, ஒருவரும் வராவிட்டால் கடையும் இல்லை, உனக்கு வேலையும் இல்லை, டாக்டருக்குக் கேஸ் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டாக்டர் கடைக் கதவைச் சாத்தினார்.

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். மஞ்சள் நீராட்டுக்கு மறுநாள் என்பது வேலை நாள். மலையை விட்டுவிட்டு யார் டவுனுக்கு வருவார்கள்? அதுவும் இலாகா ஆள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு? வராவிட்டால் அத்தனை பேருடைய பல்லும் அடுப்புக்குப் போகும், என் வாயால் போகும்.

அந்த நாள் வந்ததும் காலைப் பெரட்டுக்கு நானும் போனேன். வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கிற அந்த இடத்தில், தோள் போன பிறகு நான் நின்றதில்லை. முன்னால் போய் நின்றேன்.

“ஹட்டன்ல நம்ம பல்லெல்லாம் சீல் வச்சிருக்காங்க. இன்னைக்கி வந்து நம்மளுதுன்னு சொல்லலன்னா எரிச்சிருவாங்க. நான் போறேன். வர்றவங்க வாங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். ஆம்பிளைகள் பக்கம் ஒரே சிரிப்பு. கணக்கப்பிள்ளை, “பல்லப் புடுங்கப் போறீங்களா, பல்லுக்குச் சாட்சி சொல்லப் போறீங்களா?” என்று கேட்டார்.

அத்தாச்சி கூடையை இறக்கி வைத்தாள். “ஒங்க பல்லு ஒங்க வாயிலேயே இருக்குங்கையா. அதான் சிரிக்கிறீங்க. எங்களுது டவுன்ல பூட்டிக் கெடக்கு.”

“இன்னைக்கிப் பேர் கெடையாது, ஒரு நாள் சம்பளம் வெட்டு, சொல்லிட்டேன்.”

“வெட்டிக்கிங்க.”

அவள் வேலைக்காக இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கூடைக்குள் போட்டாள். பக்கத்தில் நின்றவள் அவிழ்த்தாள். அதற்கு அடுத்தவளும். நான் முன்னால் நடந்தேன், திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பஸ் ரோட்டில் இறங்கித்தான் பார்த்தேன். டின்னில் பல் வைத்திருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் வந்திருந்தார்கள். பல்லே பிடுங்காத சிலரும் வந்திருந்தார்கள்.

துணிக்கடைப் படிக்கட்டு முழுக்க எங்கள் ஆட்கள். பரிசோதகர் முத்திரையை உடைத்தார். ஒவ்வொருத்தியாக வந்து நூலைப் பார்த்து எடுத்தார்கள். அவருக்குத் திருப்தி வரவில்லை. நூலை யாரும் கட்டலாம், இந்தப் பல் இந்த ஆளுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

முதலில் நின்றவள் எங்கள் லயத்திலேயே ரொம்பக் கூச்சக்காரி. டாக்டரிடம் வந்த அன்றைக்கு என் கையைப் பிறாண்டிக் காயப்படுத்தியவள். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவருக்கு எதிரில், மூச்சுப் படுகிற தூரத்தில் போய் நின்று வாயை அகலத் திறந்தாள். கண்ணை மூடவில்லை. வெற்றிலைச் சிவப்பும், பல் போன பள்ளமும் நன்றாகத் தெரிந்தன. ஒரு விரலால் உதட்டை இழுத்தும் காட்டினாள்.

அவர் பின்னால் சாய்ந்தார். அடுத்தவள் வந்து திறந்தாள். அதற்கடுத்தவளும் திறந்தாள். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. அவருக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, “போதும், போதும்” என்றார்.

“இல்லீங்க மாத்தயா,” என்றேன். “எல்லாரும் ஒரு நாள் வேலைய விட்டுட்டு வந்திருக்காங்க. கடைசி ஆள் வரைக்கும் பாருங்க.”

பார்த்தார். படிக்கட்டின் கீழ்வரை நின்றவர்கள் ஏறிவந்து வாயைக் காட்டிவிட்டு இறங்கினார்கள். பல் பிடுங்காதவர்களும் விடவில்லை. முப்பத்திரண்டும் இருக்கிறதா பாருங்கள் என்று காட்டினார்கள். டாக்டர் ஜன்னல் ஓரத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று தெரியாது.

இரண்டு பொட்டலங்கள் டின்னில் மிஞ்சின. ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். இன்னொருத்தி டயகமப் பக்கம் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவற்றை எரிக்க வேண்டுமா என்று அவரைக் கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடை திறந்திருக்கலாம் என்று எழுதி வந்தது. டின்னைப் பற்றியோ என்னைப் பற்றியோ அதில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம், “பிள்ளை, வேலைக்கு வா. உந்த டின் மட்டும் இனி வேண்டாம், எனக்குப் பயமாக் கிடக்கு” என்றார்.

“டின் இல்லன்னா நானும் இல்லீங்கையா,” என்றேன். “அன்னைக்கி எனக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க. இனிமே யாராவது கேட்டா, எனக்குத் தெரியும், எங்க எடத்துலதான் இருக்குன்னு சொல்லணும்.”

அவர் குறட்டைத் துடைத்து வைத்தார். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மருந்துப் போத்தல்களை ஓரமாகத் தள்ளி, நடுவில் டின் வைக்க இடம் விட்டார்.

அந்தப் பரிசோதகர் ஹட்டனிலிருந்து வந்தவரா, நுவரெலியாவிலிருந்து அனுப்பியவரா என்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அது பிரஜாவுரிமை மனு எழுதிய முதல் வருசமா, அடுத்ததா என்பதும் குழப்பம். அன்று படியேறி வந்தவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்து, நான் தப்பாக எழுதியிருப்பதைத் திருத்திவிடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.