வாசல் பெஞ்சில் ஐரோப்பா

பைத்தியமாம்! சொல்கிறவர்கள் சொல்லட்டும். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, எதிரே பூங்கா பெஞ்சில் புருஷனோடு உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றால் பைத்தியமா? கேண்டீன் அக்கா செய்தது ஒத்திகை.

ஆபீஸ் கேண்டீனில் ஊருக்கெல்லாம் ஆக்கிக் கொட்டுகிறவள் அவள். ஒரே ஒரு வாரம் அடுப்பு முகத்தில் விழிக்காமல், ஐரோப்பாவில் ஒரு நகரத்தைக் காலாற நடந்து பார்க்க ஆசைப்பட்டாள். விமான டிக்கெட்டும் தங்கும் அறையும் சேமிப்பை முக்கால்வாசி விழுங்கிவிட்டன. மிச்சம் ஒரு வாரத்துக்குத் தாங்குமா? உத்தேசக் கணக்கெல்லாம் அவளிடம் செல்லாது. கேண்டீனில் எதையும் முதலில் தான் தின்று பார்த்துத்தான் பரிமாறுவாள்.

அதனால் ஒரு வாரம் லீவு போட்டு, உள்ளூரிலேயே ஐரோப்பாவில் இருப்பதுபோல் வாழ்ந்து பார்த்தாள். அங்கே குடியிருக்கும் சித்தி மகளிடம் போனில் விலைகளைக் கேட்டாள். ரொட்டியோ பஸ்ஸோ, எதற்கும் அந்த ஊர் விலையைக் மிச்சப் பணம் போட்ட கைச்செலவு டப்பாவிலிருந்து எடுத்து இன்னொரு டப்பாவில் போட்டாள்.

“ஏம்மா, நம்ம வீட்டுக் கக்கூசுக்கே காசா?” என்றார் புருஷன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

“அங்க சும்மா விடமாட்டாங்களாம். போடுங்க.”

வாரம் முடியுமுன்பே டப்பா காலி. மனிதருக்குக் கால்வலி. நாலு தெரு நடந்தால் காப்பிக்கடையில் உட்கார்ந்துவிடுவார். ஐரோப்பாவிலோ நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் கூடுதல் விலை.

“நீ மட்டும் போய்ட்டு வா. நான் தண்டச்செலவு.”

“தனியாப் போய் நான் யார்கூட சண்டை போடறது?” என்று டப்பாவை நங்கென்று வைத்தாள்.

மறுநாளே அவருக்கு மெத்தென்ற ஷூ வாங்கினாள். அதற்காக, அந்த ஊர்க் கோபுரத்தில் ஏறும் கட்டணத்தை வெட்டினாள். கீழே நின்று பார்த்தால் கோபுரம் ஓடியா போய்விடும்?

மறுபடியும் ஒத்திகை. மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். “என்னடி, இந்த வாரமும் வெளிநாடா?”

“ஆமாங்க்கா, நாளைக்குத் திரும்பிடுவோம்.”

கடைசி நாள் சாயங்காலம் டப்பாவைக் குலுக்கினாள். சலசலத்தது. அப்பாடா என்று பெஞ்சிலேயே காலை நீட்டிவிட்டாள்.

கிளம்புகிற அன்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அவர் மெல்லக் கேட்டார்: “அங்க ஒரு தடவையாவது உட்கார்ந்து குடிக்கலாமா?”

அவள் ஒத்திகையில் மிஞ்சிய பணத்தை அவர் சட்டைப்பையில் வைத்து, பொத்தானைப் போட்டு, ஒரு தட்டுத் தட்டினாள். பெட்டியை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக வாசல் தாண்டினாள்.