தோற்றவரே தலைவர்

லஸ் பக்கத்துச் சந்தில் ஒரு கேரம் சங்கம் இருக்கிறது. அதன் ஆண்டுப் போட்டியில் யார் கடைசியாக வருகிறாரோ அவரே தலைவர். ஜெயித்தவர் ஆடட்டும், தோற்றவர் டீ போடட்டும், ஒட்டடை அடிக்கட்டும், கொட்டகைச் சாவியை வைத்துக்கொள்ளட்டும் என்பது ஆரம்பித்தவர்கள் வைத்த வழக்கம்.

ரவிக்கை தைக்கும் ஜமீலுன்னிசாதான் பல வருஷமாகத் தலைவி. அவளைப்போல் ஆட அடையாறு வரை ஆள் கிடையாது. குழிக்குள் விழுமுன் காய் அவளிடம் உத்தரவு கேட்கும். போட்டி வந்தால் மட்டும் அவளுக்குக் கண் மங்கும், விரல் மரத்துப்போகும். எங்களுக்கெல்லாம் தெரியும், வாயைத் திறக்க மாட்டோம். சாவி அவளிடம் இருந்தால்தான் பேங்க் மேனேஜரோடு சாந்தோம் மீன்காரம்மாவும் உட்கார்ந்து ஆட முடியும்.

போன மழையில் கூரை ஒழுகி, ஒன்று தவிரப் பலகைகள் எல்லாம் அப்பளமாய் வளைந்தன. உதவி கேட்டதும் விளையாட்டுத் துறையிலிருந்து வடிவேலு என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார்.

"கூரை, பலகை எல்லாம் அரசாங்கம் குடுக்கும்மா. ஆனா தலைவர் எங்க துறை ஆளா இருக்கணும். அதாவது, நான். உறுப்பினர் அட்டை இல்லாதவங்க உள்ள வரக் கூடாது."

"அப்போ மீன்காரம்மா?"

"அட்டை இருக்கா?"

"கூடை கீது."

அதிகாரி சிரிக்கவில்லை. நாற்காலித் தூசியை விரலால் சுண்டிவிட்டு உட்கார்ந்தார். அவர் சுண்டிய விதத்தைப் பார்த்ததுமே ஜமீலுன்னிசாவுக்கு ஆள் பழைய ஆட்டக்காரர் என்று பிடிபட்டுவிட்டது.

"தாராளமா தலைவராவுங்க சார். எங்கிட்ட தோத்துட்டு சாவிய வாங்கிக்கினு போங்க. தோக்க முடியலன்னா, கூரைய போட்டுக் குடுத்துட்டு எங்கள எங்க பாட்டுக்கு வுட்டுடணும்."

"தோக்கறது ஒரு வேலையா?" என்றார் வடிவேலு.

வேலைதான் என்பது உட்கார்ந்த பிறகு தெரிந்தது. இவர் அடித்தால் காய் அசையவில்லை. அவள் அடித்தால் ஸ்ட்ரைக்கர் ஜன்னல் வழியே பறந்து பக்கத்து வீட்டு ரசத்தில் விழுந்தது. கரண்டியால் எடுத்துக் கழுவிக் கொடுத்தார்கள். நம்பாதவர்கள் வந்து முகர்ந்து பார்க்கலாம், புளி வாசனை இன்னும் போகவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒரு காய் விழவில்லை. நடுவராக நின்ற பாத்திரக்கடை பொன்ராஜுக்குப் பசி.

"ரெண்டு பேரும் ஆடுதியளா, பலகையத் தடவிக் குடுக்கியளா?"

அப்போது சிவப்புக் காய் குழியின் விளிம்பில் போய் நின்றது. வடிவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னா சார், ரெட்டு உங்கள வா வான்னு கூப்புடுது. கை நடுங்குதா? வுடுங்க, கையெழுத்து போட்டே பழகின கை."

வாசலில் நின்ற ஜீப் டிரைவர் கிளுக்கென்று சிரித்தார். அதுதான் தாங்கவில்லை. சுண்டினார் வடிவேலு. சிவப்பு உள்ளே. அதன் பின்னாலேயே அவருடைய காய்கள் அத்தனையும் பள்ளி விட்ட பிள்ளைகளாய் ஓடிப் போய் விழுந்தன. "எப்பிடி!" என்று இரண்டு கையையும் தூக்கி எழுந்தவர், யாரும் கை தட்டாததைப் பார்த்து மெல்லக் கைகளை இறக்கினார்.

"ஜெயிச்சிட்டீங்க சார். டீ போடட்டா?" என்றாள் தலைவி.

நல்ல மனிதர், சொன்னபடி கூரை போட்டுக் கொடுத்தார். இப்போது ஞாயிறுதோறும் வந்து மீன்காரம்மாவுக்கு எதிரே உட்காருகிறார். அடுத்த வருஷம் எப்படியும் தோற்றுவிடுவதென்று சபதம். ஆனால் பழகப் பழக ஆட்டம் மெருகேறிக்கொண்டே போகிறது, பாவம்.