துப்பி என்று எழுதியிருந்தது

இங்கே நான் எழுதுவதில் கண்ணால் கண்டதும், காதால் கேட்டதும், பிற்காலத்தில் அகராதியைப் புரட்டி உறுதி செய்துகொண்டதும் மட்டுமே இடம்பெறும். நினைவு தானாக இட்டு நிரப்ப முயலும் இடங்களை வெற்றாகவே விட்டிருக்கிறேன். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, உண்மையல்ல என்று தெரிந்த ஒன்றுக்கு நான் சாட்சி சொன்னேன். அதனால் ஒரு பெண் குடியிருந்த வீட்டை இழந்தார்.

சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கியது எங்கள் வீடு. மாடியில் தகரக் கூரை வேய்ந்த ஓர் அறை. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த அக்கா ஒருவர் அதில் வாடகைக்கு இருந்தார். அவரும் அம்மாவும் ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில், ஒரே ஷிப்டில் வேலை செய்தார்கள். கம்பெனிப் பேருந்து ஊருக்குள் வராமல் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போனது. அது உள்ளே வரவேண்டும் என்று கேட்டு, அம்மாவும் அக்காவும் உட்பட ஏழு பெண்கள் எங்கள் கூடத்தில் அமர்ந்து ஒரு மனு எழுதினார்கள். திங்கட்கிழமை கொடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமையே சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்து, “இன்னாம்மா, லெட்டர்லாம் ரெடியாமே?” என்று சிரித்தாராம். அம்மா ஒப்பந்தத் தொழிலாளி. அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் செயலும் அதன் இயல்பான பொருளோடு நிற்கவில்லை. அக்கா இஞ்சி கேட்டு இறங்கி வந்தால், இஞ்சிக்காகத்தான் வந்தாரா என்று ஆராயப்பட்டது. வராவிட்டால், ஏன் வரவில்லை என்று ஆராயப்பட்டது. இந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் அம்மாவின் தம்பி. அதே தொழிற்சாலைக்கு வேன் ஓட்டியவர்.

“எப்பப் பாரு நோட்ல இன்னாவோ எழுதிகினே இருக்கா. போய் எத்துகினு வா,” என்றார் மாமா, ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா துணி துவைக்கக் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில். நான் எடுத்து வந்தேன். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவள் என்பதால் வாசிக்கும் பொறுப்பும் என்னுடையதாயிற்று. இடப்புறம் ஆங்கிலச் சொற்கள். எதிரே தமிழ் எழுத்தில் ஒவ்வொரு சொல். டொமேட்டோ, சில்லி: இவற்றுக்கு எதிரே ‘நாவா’. ஹரிக்கேன், ஹாமக்: ‘டைனோ’. கேஷ்யூ, ஜாகுவார், டாபியோக்கா: ‘துப்பி’.

மாமா விரல் விட்டு எண்ணினார். “ஏழு. நீங்க எத்தினி பேருக்கா?”

“ஏழு பேரு. எங்க ஏழு பேருக்கு மட்டுந்தான் தெரியும்,” என்றார் அம்மா. குரல் இறங்கிவிட்டது.

“அப்புறம் இன்னா? பேரை எழுதினா மாட்டிக்குவா, அதான் காய்கறி பேரா எழுதி வெச்சிகிறா. தண்டலத்துலேந்து செவசெவன்னு ஒண்ணு வருமே, அது டொமேட்டோ.”

“அரிக்கேனு வெளக்காச்சேடா?”

“நைட் ஷிப்ட்டு போறதா இருக்கும்.”

“சில்லி யாரு?”

மாமா கூரையைப் பார்த்தார். சில்லி தான்தான் என்று புரிந்து அம்மாவின் முகம் மாறிற்று. வேலை போகும் என்ற அச்சம்கூட அவரை அவ்வளவு வருத்தவில்லை.

“இங்க பாரு, துப்பு. மூணு பேரைப் பத்தி துப்பு குடுத்தாச்சுன்னு குறிச்சி வெச்சிகிறா.”

துப்பு அல்ல, துப்பி என்றுதான் இருக்கிறது என்றேன்.

“எழுத்துத் தப்பு. அவ சரியா எழுதுவாளா, தப்பா எழுதுவாளா? நீயே சொல்லு.”

அக்காவின் எழுத்தில் ஓர் ஒற்றுகூடப் பிசகாது. என் வீட்டுப்பாடத்தில் விடுபட்ட ஒற்றுகளையெல்லாம் பென்சிலால் இட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் பெரியவர்கள் இருவர் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது அதுவே முதல் முறை. “தப்புத் தப்பாத்தான் எழுதுவாங்க,” என்றேன்.

ஈரத்துணி வாளியோடு வந்த அக்காவிடம், “சூப்பர்வைசருக்குத் துப்பு குடுத்த கணக்கா இது?” என்று அம்மா நோட்டை நீட்டினார். அக்கா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதற்குரிய இடமல்ல என்று கண்டுகொண்டார்.

“அது பாஷை பேருக்கா. அமெரிக்காவுல வெள்ளைக்காரன் போறதுக்கு முன்னாடியே இருந்தவுக பேசுனது. அவுககிட்ட இருந்துதான் இந்த வார்த்தையெல்லாம் இங்கிலீஷுக்கு வந்துச்சாம். தபால்ல பி.ஏ. படிக்கேம்லா, அதுக்குப் பரீச்சைக்கு எழுதி வச்சிருக்கேன்.”

“துப்பின்னு ஒரு பாஷை!” என்றார் அம்மா. “காறின்னு இன்னொண்ணு கீதான்னு கேளுடா.”

மாமா உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“சத்தியமா நான் யாருட்டயும் சொல்லலக்கா. பாப்பாட்ட கேளுங்க, நான் என்ன எழுதுவேன்னு அதுக்குத் தெரியும்.”

யாரும் என்னைக் கேட்கவில்லை. அதற்குள் கேட்டு முடித்திருந்தார்கள். மாலைக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார் அம்மா. படப்பையில் ஏதோ விடுதி என்று சொல்லிக்கொண்டு அக்கா புறப்பட்டார். ஷேர் ஆட்டோவில் அவருடைய பைகளை மாமாவே தூக்கி வைத்தார். மனு கொடுக்கப்படவில்லை, அம்மாவின் வேலையும் போகவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் சரிபார்த்தேன். டொமேட்டோவும் சில்லியும் மெக்சிக்கோவின் நாவா மக்கள் பேசும் மொழியிலிருந்து வந்தவை. ஹரிக்கேனும் ஹாமக்கும் கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் சொற்கள். கேஷ்யூ, ஜாகுவார், டாபியோக்கா ஆகியவற்றைப் பிரேசில் கடற்கரையில் துப்பி பேசியவர்களிடமிருந்து போர்ச்சுகீசியர் பெற்றனர். அவர்கள் வழியாகவே அவை ஆங்கிலத்தை அடைந்தன. நோட்டில் ஒரு பிழையும் இல்லை.

இதனால் நோட்டு குற்றமற்றது என்பது மட்டுமே நிறுவப்படுகிறது. அன்று எனக்கு விளங்காதது வேறொன்று. ஏழு பேருக்கு மட்டுமே தெரிந்த செய்தி என்று அம்மா சொன்னபோது நான் எண்ணிப் பார்க்கவில்லை. மனு எழுதப்பட்ட அன்று, எழுதியவர்களுக்கு ஓரடி தள்ளித் தரையில் அமர்ந்து மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ரசம் ஊற்றியது நான்.

சூப்பர்வைசரிடம் சொன்னது மாமாவா, அக்காவா, மற்ற ஐவரில் ஒருவரா என்பது எனக்குத் தெரியாது. அம்மா இதை எப்போதாவது எண்ணிப் பார்த்தாரா என்பதும் தெரியாது, நான் கேட்டதில்லை.