சுளகு கட்டி ஏறிய மலை

எங்கள் குடும்பத்தில் சப்பாத்துப் போட்டவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. வெள்ளைக்காரன் திருகோணமலையில் இருந்த காலத்தில் கடற்படைக் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துத் தொழில் தொடங்கியவர். வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனதும், உரிப்பதற்குக் கிழங்கில்லாமல் கொஞ்சக் காலம் திரிந்தார். பிறகு எப்படியோ ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரனுக்கு உதவியாளாக ஏறிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் ஊரான சல்லிக்கு வருவார். வந்தால் ஒரு மாதம் நிற்பார். அந்த மாதம் முழுவதும் அவரை ஊரோடு நிறுத்திவைக்க அம்மா பாடுபடுவாள். நண்டுக் குழம்பு வைத்துப் பார்ப்பாள். பெண் பேசிப் பார்ப்பாள். அழுதும் பார்ப்பாள். மாமா குழம்பைச் சாப்பிடுவார். பெண்ணைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லுவார். அழுகை தொடங்கினால் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விடுவார்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது வந்தவர், கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு புதுக்கதை சொன்னார். வடக்கே ஏதோ ஒரு குளிர்நாட்டில் கப்பல் பழுதுபட்டு நின்றதாம். வேலையில்லாத ஒரு நாளில் கப்பல்காரர் சிலர் சேர்ந்து, வழிகாட்டிக்குக் கொடுக்கக் காசில்லாததால் தாங்களாகவே ஒரு பனிமலையில் ஏறினார்களாம். காலில் பெரிய தட்டுகளைக் கட்டிக்கொண்டு ஏறி, பலகையில் குந்திச் சறுக்கி இறங்கினார்களாம்.

"காலில என்னத்தைக் கட்டினனீங்கள்?" என்று ஒருவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தடியை வளைச்சுப் பின்னினது. நாங்கள் அரிசி புடைக்கிற சுளகு மாதிரி. கட்டாட்டி இடுப்பளவுக்குப் புதையும்."

"அப்ப வெள்ளைக்காரன் சுளகில புடைக்கிறதில்லை, நடக்கிறவன்!"

"சரி, சறுக்கி இறங்கிப்போட்டு என்ன செய்தனீங்கள்?" என்று இன்னொருவர் கேட்டார்.

"திரும்பி ஏறினனாங்கள்."

கடற்கரையே உருண்டு சிரித்தது. மாமா அதற்கு முன் சொன்ன கதைகளில் பாதி பொய். வள்ளத்தளவு நண்டையும், மனிதக் குரலில் அழுத மீனையும் தலையாட்டிக் கேட்ட மனிதர்கள், இந்த ஒரு உண்மையை மட்டும் நம்ப மறுத்துவிட்டார்கள். உண்மை என்று எனக்கும் வெகுகாலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மன்னாரில் கருவாடு கட்டி, கொழும்பில் தையல் மெஷின் மிதித்து, பெய்ரூட்டில் ஒரு வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கடைசியில் ஜெர்மனியில் ஒரு ஹோட்டலில் படிக்கட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது யன்னலால் பார்த்தேன். வெள்ளைச் சரிவில் ஆட்கள் காலில் சுளகைக் கட்டிக்கொண்டு நடந்து போனார்கள். வாளியை வைத்துவிட்டு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, கூட வேலை செய்தவள் பயந்துபோனாள்.

கடற்கரையில் பட்ட அவமானம் மாமாவுக்கு ஆறவில்லை. ஊர் நம்பாவிட்டாலும் அக்காவும் அக்காவின் பிள்ளைகளும் நம்பவேண்டும் என்று நினைத்தார் போலும். நிலாவெளியையும் கடந்து, கடல்நீர் உள்ளே புகும் களப்பின் வாய்க்கு அப்பால் ஒரு மணல் மேடு இருந்தது. கடலில் இருந்து பார்த்தால் வெள்ளைவெளேரென்று தெரியும். வள்ளக்காரர் அதைக் கரைக்குக் குறியாக வைத்திருந்தார்கள். ஏறிப் பார்த்தவர் யாரும் இல்லை. ஏறி என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். அப்பா கொக்கிளாய்ப் பக்கம் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடிக்கப் போயிருந்ததால் தடுக்க ஆளில்லை. மாமா ஒரு பெரிய சாக்கைத் தோளில் போட்டிருந்தார். அதைத் தொடக்கூடாது என்று கட்டளை. அண்ணன் உடைந்த வள்ளத்துப் பலகையில் செய்த இரண்டு சறுக்குப் பலகைகளையும், ஒரு போத்தல் சுறா எண்ணெயையும் சுமந்தான். அந்த எண்ணெயின் மணத்தால் பஸ்ஸில் எங்களுக்கு வேண்டிய இடம் கிடைத்தது. அம்மா நாலு பேருக்குமான சோற்றை ஒரு பெரிய கமுகம் மட்டையில் கட்டி மடியில் வைத்திருந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமா குறுக்கு வழி என்று ஒரு முள்ளுக்காட்டுக்குள் எங்களைக் கொண்டுபோனார். சூரியனைப் பார்த்துத் திசை சொன்னார். கப்பலில் அப்படித்தான் செய்வார்களாம். வெகுநேரம் நடந்து, இறங்கின அதே தெருவுக்கு வந்து சேர்ந்தோம்.

"உலகம் சுத்தினவனுக்கு நிலாவெளி தெரியேல்லை," என்றாள் அம்மா.

"நடக்கத்தானே அக்கா வந்தனாங்கள்."

அதன்பிறகு அலைச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரையோடு போனோம். அது கச்சான் காற்று வீசும் வறட்சிக் காலம். களப்பு வாயை மணல் பாதி அடைத்திருந்தது. முழங்கால் தண்ணீரில் கடந்தோம். மணல் மேட்டின் அடியில் மாமா சாக்கை அவிழ்த்தார். உள்ளே நாலு சுளகுகள். இரண்டு எங்களுடையவை. மற்ற இரண்டும் பக்கத்து வீட்டு மாமி அதற்கு முதல் வாரம்தான் வாங்கிய புதுச் சுளகுகள்.

"சுளகில காலை வைக்கிறதோ!" அம்மாவின் சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பின. "மூதேவி குடியேறிடுமடா! தரித்திரம் பிடிச்சவனே, அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அக்கா, இவள் பிறந்த உடன எதில கிடத்தினனீங்கள்?"

மாமா என்னைக் காட்டிக் கேட்டார். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையைச் சுளகில்தான் கிடத்துவார்கள்.

"அப்ப இவளின்ர கால் படேல்லையோ? என்ர காலும் பட்டதுதானே? அதுக்குப் பிறகும் அதிலதானே அரிசி புடைச்சது?"

அம்மா சுளகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, "அம்மாளாச்சி, இவனுக்கு அறிவில்லை, பொறுத்துக்கொள்," என்று அம்மனிடம் சொல்லிக் கீழே வைத்தாள். மாமா கயிற்றால் எங்கள் கால்களில் கட்டினார்.

புதையவில்லை! சுட்ட மணலில் வாத்துப்போலக் காலை அகட்டி நானும் அண்ணனும் ஏறினோம். மாமாவின் சப்பாத்துக்குள் மணல் நிறைந்து, அவர் நின்று நின்று கொட்டினார். அம்மா வெறுங்காலோடு வீம்பாக ஏறினாள். பாதி வழியில் துள்ளத் தொடங்கினாள். பிறகு யாருடைய முகத்தையும் பாராமல் அண்ணனிடம், "கழட்டித் தாடா," என்றாள். மாமியின் புதுச் சுளகுகளில் அம்மா மலையேறினாள்.

உச்சியில் காற்று சட்டையைப் பிய்த்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, தூரத்தில் துறைமுகத்தைவிட்டுப் போகும் ஒரு கப்பல். மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, நீங்கள் இனிப் போகாதேங்கோ. அம்மா அழுறா."

அவர் குனிந்து கீழே கைகாட்டினார். அடிவாரத்தில் புதராய் மண்டிய ஒரு தாழைப் பற்றை நின்றது. "அதுவரைக்கும் விழாமல் சறுக்கிப் போனியெண்டால், நான் கப்பலுக்குப் போகேல்லை."

"பிள்ளைக்குப் பொய் சொல்லாதை," என்றாள் அம்மா.

"சத்தியமா அக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். அதுவரை நான் அவளுக்குத் தலை வாரவேண்டிய ஒரு பிள்ளை. அந்த நிமிஷத்தில் ஒரு பெரிய ஆள் ஆகிவிட்டேன்.

சல்லியில் வள்ளத்தைக் கடலுக்குத் தள்ளும்போது, அடியில் போடும் கட்டைகளுக்கு எண்ணெய் பூசுவார்கள். வள்ளம் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே பலகைக்கும் எண்ணெய் பூசவேண்டும் என்பதில் எங்கள் நாலு பேருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. அண்ணன் போத்தலைக் கவிழ்த்தான். மாமா தாராளமாகத் தேய்த்தார். நான் ஏறிக் குந்தினேன். பலகை அசையவில்லை. புரட்டிப் பார்த்தால், சீனியில் பிரட்டிய பணியாரம் மாதிரி அடி முழுக்க மணல். சுரண்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் எண்ணெய் பூசினோம். இன்னும் கொஞ்சம் மணல் பிடித்தது. மாமா பின்னால் நின்று தன் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினார். பலகையும் நானும் அங்கேயே இருக்க, மாமா மட்டும் என்னைத் தாண்டித் தலைகுப்புறக் கீழே போனார்.

"தம்பி, பனியில இப்பிடித்தான் போனனியோ?" என்று அம்மா கேட்டாள். அன்றைக்கு முதன்முதலாக அவள் சிரித்தாள்.

தோல்வியை ஏற்றுக்கொண்டு சோறு சாப்பிட்டோம். பாரைமீன் குழம்பு, அதற்குள் பல்லில் நறநறக்கும் மணல். சாப்பிட்டு முடிய, இருந்த இடம் சுட்டதால் நான் வெறும் கமுகம் மட்டையை விரித்து அதன்மேல் குந்தினேன். அவ்வளவுதான். கீழே இருந்து யாரோ இழுத்த மாதிரி மலை என்னை எடுத்துக்கொண்டு போனது. கொஞ்சத் தூரத்தில் மட்டை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உருண்டோம். வாய் நிறைய மணலோடு எழும்பி, "போகுது! போகுது!" என்று கத்தினேன்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல ஏலாது. அண்ணன் போனான், நான் போனேன், மாமா சப்பாத்தோடு போய்ச் சப்பாத்தில்லாமல் எழும்பினார். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகினாள். அம்மாளாச்சியைக் கூப்பிட்டுக்கொண்டு கீழேவரை போன அவள், எழும்பும்போது தலைமுடி அவிழ்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல இருந்தாள். அவளை அப்படி நான் முன்பு பார்த்ததில்லை.

ஆனால் தாழைப் பற்றை வரை விழாமல் போக மட்டும் முடியவில்லை. சரிவின் நடுவே ஒரு மேடு இருந்தது. ஒவ்வொரு முறையும் அது என்னைத் தூக்கி எறிந்தது. முழங்கை உரிந்தது, உப்புக்காற்றுப் பட்டு எரிந்தது. வெயில் சாயத் தொடங்கியது. மாமா சுளகுகளைச் சாக்கில் போட்டார்.

"பஸ் போயிடும், இவ்வளவும் காணும் பிள்ளை."

"இன்னும் ஒருக்கா," என்றது நான் அல்ல, அம்மா.

அவள் என் பின்னலை இறுக்கிக் கட்டினாள். மட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, நுனி நிமிர்ந்து நிற்க வைத்தாள். "மேடு வரேக்க பின்னுக்குச் சாய். கண்ணை மூடாதை," என்று காதுக்குள் சொன்னாள். பிறகு இரண்டு கைகளாலும் என் முதுகைத் தள்ளினாள்.

மேடு வந்தது. சாய்ந்தேன். மட்டை காற்றில் நின்றது, திரும்பவும் மணல். கண்ணை மூடவில்லை. தாழைப் பற்றை பக்கத்தில் வந்து, பின்னுக்குப் போனது. நான் நிற்கவில்லை. மட்டை தானாக நின்ற இடத்தில் எழும்பிப் பார்த்தேன். உச்சியில் நின்றபோது நான் கவனிக்காத ஒன்று அங்கே தெரிந்தது. தாழைக்கு அப்பால் இன்னொரு மணல் மேடு; அதைச் சுற்றிக்கொண்டு, காலடியே படாத ஒரு கரை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

ஓடினேன். மாமாவும் பந்தயமும் நினைவிலேயே இல்லை. பின்னால் என் பெயர் கேட்டது. அது யாரோ வேறொரு பிள்ளையின் பெயர் மாதிரி இருந்தது. இரண்டாவது மேட்டில் பாதி ஏறியபோதுதான் அண்ணன் வந்து சட்டையைப் பிடித்தான். திரும்பிப் பார்த்தேன். மாமா இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார். அம்மா குதிக்கவில்லை. தள்ளிய கைகள் அப்படியே முன்னால் நீண்டிருக்க நின்றாள்.

மாமா வாக்குத் தவறவில்லை. அம்மா பேசிவைத்த பெண்ணைக் கட்டி, அப்பாவோடு தொழிலுக்குப் போய், சல்லியிலேயே கிடந்து, பொய்க்கதை சொல்லிக் கிழவரானார். பஸ்ஸில் அன்றைக்கு அவர் எல்லாருக்கும் கேட்கும்படி என்னைப் புகழ்ந்துகொண்டு வந்தார். அண்ணன் நித்திரை. நினைத்ததைச் சாதித்த அம்மாவோ என் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தாள். சல்லிக்கு வந்து சேரும்வரை அந்தப் பிடி தளரவில்லை. கை நோகுது என்று சொல்லியும் விடவில்லை. பஸ் குலுங்குகிறது, நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்றுதான், சல்லியை விட்டு மன்னாருக்குப் பஸ் ஏறிய நாள்வரை நினைத்திருந்தேன்.