ஆறு மணிக்குத் தூங்கும் சாமந்தி

மாலை ஐந்தே முக்காலுக்கு இரும்பு உருட்டாலை கேன்டீனில் உள்ள ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் மூடிட்டியா? ஓரத்துல வெளிச்சம் பூந்தா முழிச்சிக்கும்" என்கிறார் தேசப்பன். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்ட ஒரு ஃபிட்டர், ஐம்பத்து மூன்று வயதில் யாரைத் தூங்கவைக்கிறார்? சோழவரம் பக்கம் ஒரு சின்ன வீடு, அதில் ஒரு கைக்குழந்தை என்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர் இரட்டைக் குழந்தை என்கிறார்கள்.

விசாரித்துக்கொண்டு போனால் வீடு ஒன்றுதான். போனை எடுப்பவர் முறைப்படி தாலி கட்டிய மனைவி சந்திரகலா. குழந்தைகள் மட்டும் பதினொன்று. எல்லாம் தொட்டியில்.

நாட்டுச் சாமந்தி. செம்பு நிறம், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, கசக்கினால் மருந்து வாசனை. ரயிலடியில் பூக்கட்டும் முத்தம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கன்று வாங்கி, கிள்ளிக் கிள்ளி நட்டுப் பதினொன்றாக்கினார். கார்த்திகையில் பூத்ததும் ஒரு முழம் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. 2005 வெள்ளத்தில் முத்தம்மாவின் செடி அழுகிப்போனது. அந்த ரகத்துக்கு இப்போது தேசப்பன் வீடுதான் முகவரி.

ஆனால் இரண்டு கார்த்திகை வெறும் இலையாகவே கழிந்தது. எருவை மாற்றினார், மண்ணை மாற்றினார். சந்திரகலாவின் கைராசியைக்கூடச் சந்தேகப்பட்டார். அதற்கு மட்டும் இரண்டு நாள் சோறு தாமதமாக வந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கிக் கிடந்த ஒரு செடி மட்டும் நாலே நாலு மொக்கு விட்டபோதுதான் அண்ணாந்து பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம், விடியவிடிய எரியும் கம்பெனி விளக்கு. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் சாமந்தி மொக்கு வைக்கும். இவருடைய செடிகளுக்கு ராத்திரியே வந்து சேரவில்லை.

விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். "இரும்பு காணாம பூட்டா உன் பூவா வந்து சாட்சி சொல்லும்?" என்றார் காவலாளி. நியாயம்தான். அன்றே கோணிகள் வாங்கினார். ஆவணியிலிருந்து தினமும் ஆறு மணிக்குக் குச்சி நட்டு, இரட்டைக் கோணி போர்த்துகிறார். மதிய ஷிப்ட் வாரங்களில் சந்திரகலா போர்த்துகிறார், போனில் திட்டும் வாங்குகிறார்.

இந்தக் கார்த்திகையில் பதினொன்றும் பூத்துவிட்டன. தாராளமாக இரண்டு முழம் வரும். தேசப்பன் கத்தரிக்கோலோடு போகிறார், காய்ந்த இலையை வெட்டிவிட்டுத் திரும்பி வருகிறார். டீ குடிக்கக்கூட ரயிலடிப் பக்கம் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முத்தம்மாவே வந்துவிட்டார், கையில் வாழைநாரோடு. "இன்னா நைனா, பூத்துச்சாமே?"

அவர் குரல் தெருமுனையில் கேட்டபோதே தேசப்பன் கோணிகளைத் தேடி ஓடியிருந்தார். சுள்ளென்ற வெயிலில் பதினோரு தொட்டியும் மூடிக் கிடந்தன.

"மெதுவா பேசுக்கா," என்றார் தேசப்பன். "தூங்கினுகீது."

முத்தம்மா வாழைநாரை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "முழிக்கட்டும். எனக்கு இன்னா அவசரம்?"

கோணி ஓரத்தில் எட்டிப் பார்த்த ஒரு செம்புப் பூவை, தேசப்பன் கால் விரலால் மெல்ல உள்ளே தள்ளினார்.