தாசய்யா என்று நான் சொன்னது

கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட நூல் சேலை அது. துவைத்துத் துவைத்து நைந்து, இனிக் கட்டவும் முடியாது, கிழித்துப்போடவும் மனம் வராது என்கிற நிலையில் இருந்தது. அதை நீளவாக்கில் மடித்து, ஒரு தோளின் மேலாகவும் இடுப்பைச் சுற்றியும் கொண்டுபோய் முதுகில் முடிச்சுப் போட்டு, ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒரு மனிதர் சைக்கிளில் வந்து எங்கள் அலுவலக வாசலில் காலூன்றி நின்றார். குழந்தையின் உச்சி அவர் முகவாய்க்குக் கீழே இருந்தது. அது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் எங்கள் அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவின் குமாஸ்தா. டெஸ்பாட்ச் அண்ணா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கொள்ளேகால் பக்கத்துக்காரர், பேச்சில் மூச்சுக்கு ஒரு 'ங்க' இருக்கும். நான் அதே அறையில் டைப்பிஸ்ட். பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தமிழிலும் நீளம், கன்னடத்திலும் நீளம். அதில் எனக்குப் பெருமை வேறு.

அவர் மனைவி நர்ஸ். காலை ஷிப்டுக்கு விடிந்ததும் கிளம்பிவிடுவார். குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, அக்ரஹாரத்தில் இருந்த மனைவியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வருவது இவர் வேலை. தபால் அறைச் சாவி இவரிடம் இருந்ததால், போகிற வழியில் அலுவலக வாசலில் நின்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். குழந்தையைச் சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது என்று ஒரு மாதமாக எங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பார் கம்பியில் சின்ன சீட் மாட்டச் சொன்னார் ஒருவர். மாட்டிய முதல் நாளே குழந்தை தூங்கிவிழுந்து ஹேண்டில்பாரில் நெற்றியை இடித்துக்கொண்டது. முன்னால் பிரம்புக்கூடை கட்டிப் பார்த்தார். தேவராஜ மார்க்கெட் நெரிசலில் கூடையின் கனத்துக்கு ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்தது. பின் கேரியரில் உட்காரவைக்க மட்டும் அவர் ஒப்பவே இல்லை. "பின்னாடி வெச்சா புள்ள நம்ம கண்ணுக்கே தெரியாதுங்களே அம்மணி" என்றார். என்னிடமும் யோசனை கேட்டார். "பல்லக்கு வெச்சுடுங்கண்ணா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கடைசியில் மனைவிதான் தன் பழைய சேலையைக் கொடுத்து, முடிச்சுப் போடவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

அப்படிக் கட்டிக்கொண்டு வந்த முதல் நாள்தான் நான் அதைச் சொன்னேன். எங்கள் ஊரில் சனிக்கிழமைகளில் தாசய்யா வருவார். சங்கு ஊதி, சேகண்டி தட்டி, தோளில் தொங்கும் துணிப்பையில் அரிசி வாங்கிப் போகும் பெருமாள் அடியார். அந்தப் பைக்குக் கன்னடத்தில் ஜோளிகெ என்று பெயர். குழந்தையைப் போடும் தூளிக்கும் அதே பெயர்தான். இரண்டு பாஷை தெரிந்த வாய்க்கு இது போதாதா? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கும்படி, "தாசய்ய பந்த்ரு, அக்கி ஹாக்ரப்பா!" என்றேன். தாசய்யா வந்துவிட்டார், அரிசி போடுங்கப்பா.

அறையே அதிர்ந்தது. பியூன் இரண்டு கைகளையும் குவித்துச் சங்கு ஊதிக் காட்டினார். மறுநாளிலிருந்து அவர் சைக்கிள் மணி கேட்டதும் யாராவது ஒருவர் "அக்கி, அக்கி" என்று குரல் கொடுப்பது வழக்கமாயிற்று. ஒருநாள் யாரோ சேலை மடிப்புக்குள் நிஜமாகவே ஒரு பிடி அரிசியைப் போட்டார்கள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. டெஸ்பாட்ச் அண்ணா அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்து நிறுத்தச் சொல்லியிருக்கலாம். என் தமாஷ் இவ்வளவு நாள் ஓடுகிறதே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது என் மகனுக்கும் இரண்டு வயது. என் வீட்டுக்காரர் அவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைகூடப் போனதில்லை. குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் ஊர் நடுவே வருகிற ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எரிச்சலைச் சிரிப்பாக்கி அவர் தலையில் கொட்டினேன், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் தாங்கினார். அடுத்த திங்கட்கிழமை குழந்தை பின் கேரியரில், மடித்த கம்பளியின் மேல், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "இனி யாரும் அரிசி போட வேண்டாமுங்க அம்மணி" என்றார் என்னைப் பார்த்து. கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை, குழந்தையின் இடது கால் சக்கரத்துக்குள் போய்விட்டது.

ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தையின் கால் முழங்கால் வரை கட்டுக்குள் இருந்தது. குதிகால் சதை பிய்ந்து, கணுக்கால் எலும்பும் முறிந்திருந்தது. "கத்துனாளுங்க. வெளையாட்டுக்குக் கத்துறான்னு நெனச்சு இன்னும் ரெண்டு மிதி மிதிச்சுப்போட்டனுங்க" என்று அவர் சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது அவர் மனைவி, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் கட்டிலருகே நின்றவர், கேட்டார்: "சேலையில நல்லாத்தானே இருந்தா? அத எதுக்குங்க விட்டீங்க?"

நான் அங்கேயே நின்றேன், கையில் பழப்பையோடு. டெஸ்பாட்ச் அண்ணா என்னைப் பார்க்கவில்லை. "வேர்க்குருன்னு சொன்னியே. துணி ஒத்துக்கலையோன்னு விட்டுட்டேன்" என்றார்.

பொய். என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் அது. இல்லை, அலுவலகத்தில் சிரித்தார்கள் என்பதற்குப் பயந்து குழந்தையைப் பின்னால் வைத்தேன் என்று மனைவியிடம் சொல்ல நா எழவில்லையோ என்னவோ. எப்படியானாலும் அந்தக் கூச்சத்தை அவருக்குக் கொடுத்தவள் நான். பழப்பையை வைத்துவிட்டு, வேலையிருக்கிறது என்று வந்துவிட்டேன்.

அந்தப் பெண் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆயிற்று. முகூர்த்தத்துக்குப் போயிருந்தேன். செருப்பில்லாமல் அக்னியைச் சுற்றும்போது இடது கால் லேசாக இழுத்தது. நான் பந்தியில் உட்காராமல் வந்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் டெஸ்பாட்ச் அண்ணா காலமானார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு வேர்க்குருன்னு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா எம்புள்ள காலு நல்லாயிருக்குமுங்க அக்கா" என்று அழுதார். இத்தனை வருடமாக அந்தப் பாரத்தை அவர் சுமந்திருக்கிறார். என் பாரத்தை. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. நீளமான வாய்!

போன வாரம் என் மகன் தன் மகளைச் சைக்கிளில் கூட்டிப்போக ஒரு இருக்கை வாங்கப்போனான். என்னையும் அழைத்துப்போனான். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒன்றில் குழந்தையின் கால்களைச் சுற்றித் தடுப்பு இருந்தது. "கால் சக்ரத்துக்குள்ள போகாதும்மா, அதுக்குத்தான் இது" என்றார். "நீயே சொல்லும்மா, எது நல்லாயிருக்கு?" என்று மகன் கேட்டான். டெஸ்பாட்ச் அண்ணா அன்று என்னிடம் கேட்ட அதே கேள்வி. தடுப்பு வைத்ததைக் காட்டிவிட்டு, கடைக்கு வெளியே வந்து நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்பாட்ச் அண்ணாவின் மனைவியைப் பார்க்க அக்ரஹாரத்துக்குப் போனேன். தன் அக்கா இறந்தபின் அந்த அக்கா வீட்டில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். காபி கொடுத்தார். அதைக் குடிக்காமல், வேர்க்குரு காரணமில்லை, நான்தான் காரணம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், சிரிப்பு, அரிசி, ஆஸ்பத்திரியில் வாய் பேசாமல் நின்றது, ஒன்றையும் விடவில்லை. அழுவார், திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் கிளிப்பச்சைச் சேலையை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தமாஷ் என்னன்னு சொல்லுங்க" என்றார்.

"சொன்னேனேம்மா..."

"அன்னிக்கு எப்பிடிச் சொன்னீங்களோ அப்பிடியே சொல்லுங்க. எல்லாரும் சிரிச்சீங்கல்ல. நானும் கேக்குறேன்."

சொன்னேன். தாசய்ய பந்த்ரு, அக்கி ஹாக்ரப்பா. கேட்கவில்லை என்றார். மறுபடியும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. சேலையின் மடிப்பைப் பிரித்து, அதில் இன்னும் அரிசி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதுபோல விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.